ஆஸ்பத்திரிக்குப் பிறகு இருந்த வரிகள்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். தேவாரம், இறந்தவரின் வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று ஒரு சின்னப் புத்தகம். புலம்பலையெல்லாம் யாராவது ஒரு புலவரே எல்லோருக்காகவும் புலம்பி முடித்துவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அடியோடு நின்றுபோவதற்கு ஓரிரு வருடங்களுக்கு முன், சுன்னாகத்தில் ஒரு வாடகை அறையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். தமிழில் எழுதவும் திருத்தவும் நானே ஒரு புரோகிராம் செய்திருந்தேன். தலைகால் புரியாத பெருமை. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் இறந்தபோது, கல்வெட்டை நான் செய்து தருகிறேன் என்று வலியப் போய்ச் சொல்ல வைத்ததும் அந்தப் பெருமைதான்.

அக்கா புலவர் வேண்டாம் என்றுவிட்டார். தன் பங்கைத் தானே சொல்வதாக வந்து பக்கத்தில் இருந்தார். வரலாற்றை அடித்துக்கொண்டு போய், அவர் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் காலமானார் என்ற இடத்துக்கு நான் வந்ததும், அக்கா தன் பங்கைச் சொல்லத் தொடங்கினார்.

"அண்டைக்குக் காலமை கோவத்திலை ஒரு வாய் தேத்தண்ணியும் குடுக்காமல் அனுப்பிப்போட்டன். அதுக்கு அவர் என்னை மன்னிக்கவேணும் எண்டு போடுங்கோ, தம்பி."

அதன் பிறகும் நிறையச் சொன்னார். யாரிடமும் இதுவரை வாய் திறக்கவில்லையாம். எல்லாவற்றையும் அடித்துச் சேமித்தேன்.

மறுநாள் கோப்பைத் திறந்தேன். திறந்த கையோடு சேமித்தேன். கரண்ட் எந்த நேரமும் போகிற ஊரில் அது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். கண் பார்க்குமுன் விரல் சேமித்துவிடும். பிறகுதான் திரையைப் பார்த்தேன். 'சாவகச்சேரி ஆ' என்பதோடு எல்லாம் நின்றிருந்தது.

முதலில் கரண்டைத் திட்டினேன், பிறகு கோப்பு இருந்த பிளொப்பித் தட்டை. மற்றக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் அவை நன்றாகத்தான் இருந்தன. கடைசியில் ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துச் சேமித்துத் திறந்தேன். ஆ மட்டும் வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் நான் ஓர் எண் கொடுத்திருந்தேன். கிரந்த எழுத்துகளை மட்டும் மிஞ்சிய எண்களில் அவசரமாகச் செருகியிருந்தேன். ஸ் என்பதற்குக் கிடைத்தது இருபத்தாறு. கோப்பை வாசிக்கும்போது இருபத்தாறைக் கண்டால், கோப்பு முடிந்தது என்று அந்தக் கொம்பியூட்டர் நின்றுவிடும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் தேவாரம். அதில் ஸ் ஏது? அப்போதும் மீதி வரிகள் பிளொப்பியில் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். அரைகுறையை அதன்மேல் சேமித்து அழித்தது என் விரல்.

அக்காவிடம் போய், பிழை முழுக்க என்னுடையது என்று சொன்னேன். இன்னும் நாளிருக்கிறது, நினைவில் உள்ளதை நானே அடித்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அவர் கேக்க விரும்பேல்லைப் போல."

ஒரு பெண் தன் கணவனிடம் கேட்ட மன்னிப்பை நடுவில் நின்று தட்டிவிட்டவன் நான். போய் எண்ணை மாற்றினேன். அது ஒரு நிமிட வேலை. அக்காவைக் கூட்டிவந்து இருத்தி, அவர் கண்முன்னே ஆஸ்பத்திரி என்றும் அதன்பின் வாய்க்கு வந்த நாலு வரியும் அடித்து, சேமித்து, மூடி, மறுபடி திறந்து காட்டினேன். ஓர் எழுத்தும் குறையாமல் வந்தது. இப்போதாவது நம்புவார் என்று திரும்பினேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி, உங்கடை வரியள் எல்லாம் வருது. என்ரையைத்தான் அவர் விடேல்லை."