பொன்முலாம்காரி சபீனா

தோபியாஸின் கை நடுங்குவது முதன்முதலில் ஊர் கண்ணில் பட்டது ஓர் ஈஸ்டர் விருந்தில். பியர்க் கோப்பையைத் தூக்கினான், பாதி மேஜைவிரிப்பில் கொட்டியது.

"அதுக்குள்ள ஏறிடுச்சா மாஸ்டருக்கு?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தோபியாஸும் சிரித்து வைத்தான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி சபீனா சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு முதல் கோப்பை.

அவுக்ஸ்பர்க் நகரத்து வெள்ளிக்கொல்லர்களுக்கு இந்த நடுக்கம் புதிதல்ல. தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்து வெள்ளிப் பாத்திரத்தில் பூசிக் கரி அடுப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். போகிற ஆவி அடுப்பின் முன் குனிந்து நிற்பவன் நெஞ்சுக்குள் போகும். முதலில் வாயில் எச்சில் ஊறும், அப்புறம் பல் ஆடும், அப்புறம் கை.

சபீனாவும் வெள்ளிக்கொல்லன் மகள்தான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அப்பாவின் சுத்தியைப் பிடித்து வளர்ந்தவள். தோபியாஸின் உளி தகட்டில் வழுக்க ஆரம்பித்ததும், அவள் முடியாமல் கிடந்த வேலைகளைச் சமையலறைக்கு எடுத்துப்போனாள். பூவும் கொடியும் தட்டி எழுப்புகிற வேலை முதலில் அவள் கைக்கு வந்தது, பிறகு முலாம் வேலையும் வந்தது. சொந்தப் பட்டறை நடத்த உரிமை பெற்றவன்தான் மாஸ்டர்; அவன் மனைவி கடையில் நின்று விற்கலாம், பாத்திரத்தைத் தேய்த்து மெருகேற்றலாம். உளியைத் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் கொல்லர் சங்கம் பட்டறையைப் பூட்டிவிடும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பிரபு வீட்டு மணப்பெண்ணுக்கான ஒப்பனைச் சாமான்கள் அவர்கள் கையில் இருந்தன. பவுடர் பெட்டிகள், மெழுகுவர்த்தித் தாங்கிகள், நிலைக்கண்ணாடிக்கு ஒரு பெரிய வெள்ளிச் சட்டம். மதியச் சாப்பாட்டுக்கு வேலையாள் கில்யான் கிளம்பிப் போனதும் சபீனா அந்தச் சட்டத்தை எடுத்து அரக்கில் பதித்து உட்காருவாள். ஒருநாள் கில்யான் மறந்துவிட்டுப் போன புகைக்குழாயை எடுக்கத் திரும்பி வந்தான். சமையலறைக் கதவு சாத்தியிருக்கவில்லை.

"பயப்படாதீங்க முதலாளியம்மா. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றான். பெஞ்சின் மேல் கிடந்த உளி ஒன்றை எடுத்து விரலால் உருட்டினான். "ஆனா முதலாளி இனிமே தேற மாட்டார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாஸ்டரோட விதவையக் கட்டிக்கிட்டா நானும் மாஸ்டர். இப்பவே ஒரு வார்த்தை குடுத்து வெச்சீங்கன்னா போதும்."

"அவரு மாடியில தூங்குறாரு கில்யான். செத்துப் போகல."

"நான் ஒண்ணும் அவசரப்படலையே."

"உளியக் கீழ வை. போய் வேலையப் பாரு."

அவன் மெதுவாக வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வாசலில் யார் காலடி கேட்டாலும் சபீனா உளியைத் துணிக்கடியில் ஒளித்தாள். கில்யான் பழையபடியே வேலைக்கு வந்தான், பணிவாகப் பேசினான். போகும்போது மட்டும், "யோசிச்சீங்களா?" என்று கேட்டான். பட்டறையில் கேட்டான், சந்தையில் கேட்டான், மாதா கோவில் படியிலும் கேட்டான். கடைசியில் அவள் பொறுமை இழந்தாள்.

"யோசிச்சுட்டேன். மாட்டேன். போய்ச் சொல்றதுன்னா சொல்லு."

அந்த வாரம் முடிவதற்குள் சங்கத் தலைவர் மெல்கியோர் இரண்டு மாஸ்டர்களோடு வந்து நின்றார். வயதானவர். சபீனாவின் அப்பாவோடு ஒரே பெஞ்சில் வேலை கற்றவர். அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே வந்தார்.

"தோபியாஸ், ஒரு புகார் வந்திருக்கு. பெரிசா ஒண்ணும் வேண்டாம். எங்க முன்னால ஒரே ஒரு இலை அடிச்சுக் காட்டு. நாங்க போயிடுறோம்."

முடியாத கண்ணாடிச் சட்டத்தை மேஜையில் வைத்தார்கள். கில்யான் கதவோரம் கைகட்டி நின்றான். தோபியாஸ் உட்கார்ந்தான். அவன் கோட்டுப் பொத்தானைக்கூடக் காலையில் சபீனாதான் போட்டுவிட்டிருந்தாள். உளி முனையைத் தகட்டில் வைத்தான். வெள்ளியின் மேல் அது டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான்.

சுத்தியை ஓங்கினான். உளி வழுக்கி, ஏற்கெனவே முடிந்திருந்த ரோஜாவின் குறுக்கே ஒரு கீறல் இழுத்தது. தோபியாஸின் நெற்றியில் வியர்வை பொடித்தது. மறுபடி ஓங்கினான். இன்னொரு அடி விழுந்தால் தகடு கிழிந்துவிடும் என்று சபீனாவுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் தகட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

போய் அவன் கையிலிருந்து சுத்தியை வாங்கினாள்.

"அவர விட்டுடுங்க ஐயா. இதெல்லாம் நான் செஞ்சது."

"வாயால சொன்னா ஆச்சா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவள் உட்கார்ந்தாள். அந்தக் கீறலையே நடு நரம்பாக வைத்து, ரோஜாவின் மேல் சாய்ந்து விழுகிற மாதிரி ஓர் இலையை அடித்தாள். மெல்கியோர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"உங்கப்பன் கை" என்றார். பிறகு மற்ற இருவரிடமும் திரும்பி, "பூட்டுங்க" என்றார்.

"வேலையில குறை இருக்கா ஐயா?"

"இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. ஒருத்தன் பேர்ல இன்னொருத்தர் செஞ்சதுக்கு நாங்க முத்திரை குத்தினா, அந்த முத்திரைய நாளைக்கு எவன் நம்புவான்?"

கருவிகளை மூட்டை கட்டினார்கள். பட்டறைக் கதவில் அரக்கு முத்திரை விழுந்தது. எல்லோரும் போன பிறகு தோபியாஸ் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தான்.

"எல்லார் முன்னாலயும் உங்கள அசிங்கப்படுத்திட்டேன்" என்றாள் சபீனா.

"அப்படியா நினைச்சே? நீ சுத்திய வாங்கினப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

பனிக்காலம் முழுக்க அவள் மற்றவர் பட்டறைகளில் கூலிக்கு மெருகு தேய்த்தாள். தவக்காலத்துக்கு முன்பே தோபியாஸ் போய்விட்டான். அடக்கம் முடிந்த வாரம் அவள் கறுப்பு உடையோடு சங்கத்துக்குப் போனாள்.

"நான் இப்போ மாஸ்டரோட விதவை. விதவை பட்டறை நடத்தலாம்னு உங்க சட்டமே சொல்லுது. கதவத் திறந்து விடுங்க."

மெல்கியோரும் மற்ற மாஸ்டர்களும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். புருஷன் உயிரோடு இருந்தபோது குற்றமாக இருந்தது, அவன் செத்ததும் உரிமையாகிவிட்டது. மறுக்க வழியில்லை.

"தேர்ந்த வேலையாள் ஒருத்தன் வேணும்" என்றார் மெல்கியோர். "ஈஸ்டர் முடிஞ்சு ஏழாவது வாரம் வர்ற பெந்தெகொஸ்தே திருநாளுக்குள்ள கொண்டு வா. இல்லைன்னா உரிமை போயிடும்."

வெளியே கில்யான் நின்றிருந்தான். "ஒருத்தனும் வர மாட்டான். சத்திரத்துல எல்லாரும் சத்தியம் பண்ணியாச்சு. வந்தா நான் வரணும், மோதிரத்தோட."

அவன் சொன்னது மெய்தான். கேட்ட இடமெல்லாம் வேலையாட்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பாதிரியார்கள் வரை போய்க் கேட்டும் பலனில்லை. திருநாள் நெருங்கிய சமயம், லெக் நதிக் கரையில் தெப்பத்திலிருந்து மரம் இறக்குகிற ஒருவனைப் பற்றி மீன்காரி ஒருத்தி சொன்னாள். பெயர் யோவாகிம், டான்ட்சிக் பக்கத்து வெள்ளிக்கொல்லன். வழிச் சத்திரத்தில் யாரென்று தெரியாமல், குற்றவாளிகளைத் தூக்கில் போடுகிற ஆளோடு ஒரே மேஜையில் குடித்துவிட்டான்; அந்த ஆளோடு பழகினாலே தீட்டு என்பது தொழிலாளர் வழக்கம். குற்றமில்லை என்று நகரசபை தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆனாலும் எந்த வேலையாளும் அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரத் தயாராக இல்லை.

சபீனா அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவன் வாசற்படி தாண்டவில்லை.

"என்கூட உக்காந்து சாப்பிட்டா உங்களையும் ஒதுக்கிடுவாங்கம்மா."

"என்னை ஒதுக்கி ரொம்ப நாளாச்சு. சூப் ஆறுது, வந்து உக்காரு."

நகரசபையே தீர்ப்புச் சொன்ன ஆளை மெல்கியோரால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. பட்டறை திறந்தது. முதலில் முடிந்த கிண்ணத்தை அவளே வெள்ளியின் தரம் பார்க்கும் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனாள். கொஞ்சம் சுரண்டி எடுத்து உருக்கினார்கள். சோதனைக்காரர் நிதானமாக, வேண்டுமென்றே நிதானமாக, கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நகரத்தின் சின்னமான பைன் காய் முத்திரையை அடித்தார். சபீனா வெளியே வந்து வெயிலில் அந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள்.

கில்யான் அந்தக் கோடையில் உல்ம் நகரத்துப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சபீனா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடுங்குளிரிலும் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துத்தான் முலாம் அடுப்பை மூட்டுவாள்.

"கை விறைச்சுப் போகுதும்மா" என்று யோவாகிம் முணுமுணுப்பான்.

"விறைச்ச கைய அடுப்புல காட்டினா சரியாப் போயிடும்" என்பாள். "நீ காத்து வர்ற பக்கமா நில்லு."