தண்ணீருக்குள் ஒரு விரல்

பஞ்சர் கடைக்காரர் என் பைக் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ரப்பர் வாடையோடு குமிழிகள் எழுந்தன. நான் நினைவில் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போய்விட்டேன்.

அப்போது எங்களுக்குப் பதின்மூன்று வயது. நான், முருகேசன், சவரி. லீவில் மூன்று நாள் ஏரியிலேயே சுற்ற, லாரி டிரைவரான சவரியின் அப்பா, காற்றடித்த இரண்டு லாரி ட்யூப்களின்மேல் மூங்கில் தட்டியைக் கட்டி மிதவை செய்து கொடுத்தார். "மூணு நாளும் தாங்கும் சாமி. முள்ளு மேல மட்டும் ஏத்திப்போடாதீங்க" என்றார். தென்னைமட்டைதான் துடுப்பு. பகலெல்லாம் தூண்டில் போட்டோம். பிடித்த ஜிலேபிக் கெண்டைகளை ஏரி நடுவிலிருந்த மேட்டில் மிளகாய்த்தூள் தடவிச் சுட்டுத் தின்று, அங்கேயே படுத்தோம். லீவு முடிந்ததும் சவரியைத் திருச்சி ஹாஸ்டலில் சேர்ப்பதாக இருந்தார்கள். அதைப் பற்றி மூவரும் வாயே திறக்கவில்லை.

இரண்டாம் நாள் சவரி துடுப்பைத் தொடவே இல்லை. ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டபடி குப்புறப் படுத்தே கிடந்தான். சோம்பேறி என்று திட்டித் தீர்த்தேன். கரையேறும்போதுதான் பார்த்தேன். ட்யூபில் இருந்த ஓட்டையை அவன் பெருவிரல் அடைத்திருந்தது. தோல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது.

"ஏன்டா சொல்லுல?"

"சொல்லியிருந்தா இன்னைக்கே ஊட்டுக்குப் போலாம்பீங்க."

முருகேசன் தன் லுங்கியைக் கிழித்து ஓட்டையின்மேல் இறுக்கிக் கட்டினான். மூன்றாம் நாள் அதுவும் கசிந்தது. மூவரும் முறை வைத்து விரலை மாற்றிக்கொண்டோம்.

"தொட்டியிலிருந்து கையெடுங்க சாமி" என்றார் பஞ்சர் கடைக்காரர். "ஓட்டை எங்க இருக்குதுன்னு பாக்கோணுமில்லீங்க."