வீட்டுக்கு ஒரு கை

குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது நாலாவது மாடி. அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு இரண்டு காலும் இருந்தது. முத்தியால்பேட்டை வாய்க்கால் ஓரத்துக் குடிசையை விட்டு குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்த அன்று, ஆண்டவர் நமக்கும் மெத்தை வீடு கொடுத்தாரே என்று வாசலிலேயே முழங்கால் போட்டுச் செபம் சொன்னோம்.

பிறகு சர்க்கரை வந்தது. பாதத்தில் புண் வந்தது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தட்டாஞ்சாவடி கம்பெனியில் மூட்டை தூக்கியவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். அதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்கே போக வேண்டும். பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்வது படுக்கையில் கிடப்பவர்களுக்கு என்பார். லிப்ட் இருந்ததால் நானும் தள்ளிக்கொண்டு போய் வந்தேன்.

அந்த லிப்ட், தண்ணீர் மோட்டார், சாக்கடை எல்லாம் ஒரு காண்டிராக்டர் கையில் இருந்தது. அவருடைய ஆள் மனசு வந்தால் லிப்ட்டைப் போடுவான், இல்லாவிட்டால் பூட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானம் வரைக்கும் கீழேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் இவர், "இதை நாமளே பாத்துக்கணும்" என்று ஆரம்பித்தார்.

வீடு வீடாகப் போய்ப் பேச முடியாதே. அதனால் லிப்ட் ஓடுகிற நேரமெல்லாம் அதற்குள்ளேயே இருந்தார். ஏறுகிறவர்கள் இறங்கும்வரை இவர் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். மூன்றாவது மாடி தையல்கார பாய் கிண்டல் பண்ணுவார்.

"அண்ணே, உங்களுக்குப் பயந்துதான் நான் படியில போறேன்."

"போ பாய், போ. முட்டி தேஞ்சா எங்கிட்டதான வரணும்."

கீழ் வீட்டில் இட்லி விற்கிற அக்கா தானாகவே வந்து சண்டை பிடித்தாள். "ஏண்ணே, லிப்ட்டுல ஏறாதவங்கல்லாம் இங்க குடியில்லையா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" அன்றிலிருந்து இவருக்கு வலது கை அவள்தான். எல்லாரும் சேர்ந்து வாரிய ஆபீசுக்கு நடையாக நடந்தார்கள். நான் செபமாலையும் கையுமாக இருந்தேன். கடைசியில் காண்டிராக்டரை எடுத்துவிட்டு, குடியிருப்போர் சங்கமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே யார் பேச்சு எடுபடுவது என்று சத்தம் வந்தது. இவர்தான் அடக்கினார். "வீட்டுக்கு ஒரு கை. மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் ஒண்ணு. எந்தப் பக்கம் கை அதிகமோ அதுதான் முடிவு." எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவைத் தலைவி ஆக்கினார்கள்.

அந்த வருஷத்து மழையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு கீழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதே சமயம் லிப்ட் கம்பி நைந்துபோச்சு, மாற்றாமல் ஓட்டக்கூடாது என்று மெக்கானிக் நிறுத்திவிட்டுப் போனார். கையில் இருந்த பணத்துக்குச் சங்கத்தால் ஒன்றைத்தான் செய்ய முடியும். கூட்டம் போட்டார்கள். இவரை வாலிபப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

"அண்ணே, இந்த நாத்தத்துல நான் இட்லி ஊத்தினா எவன் வாங்குவான்?" அக்கா அழுதுவிட்டாள். சாக்கடைதான் முதலில் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கீழ் வீட்டுக் கைகள் ஏறின. அப்புறம் எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டு நான் பின்னால் நின்றேன். எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரு கை, அது அவருடையது. மெதுவாகத் தூக்கினார்.

மேலே வந்ததும் கேட்டேன், "ஏங்க தூக்கினீங்க?"

"அவ அடுப்பங்கரையில பீத்தண்ணி நிக்குதுடி. பூசைக்குப் போவணும்னு நான் கையை மடக்கிக்கிட்டா, அங்க போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"



சாக்கடை சரியானது. அடுத்தது லிப்ட்தான் என்றார்கள். அதற்குள் மோட்டார் எரிந்தது. அப்புறம் மொட்டைமாடி ஒழுகியது. ஒவ்வொன்றுக்கும் கை தூக்கினார்கள், ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் பிள்ளைகள் இவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் ஒருவனுக்குப் படியில் கால் வழுக்கியது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இப்போதெல்லாம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மடத்துச் சிஸ்டர் நற்கருணை கொண்டுவருகிறார்கள். முதல் தடவை மூச்சு வாங்கிக்கொண்டே, "நோயாளி எங்கம்மா?" என்று கேட்டார்கள். இவர் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். "நான் நோயாளி இல்ல சிஸ்டர். லிப்ட்டுதான் நோயாளி" என்றார். சிஸ்டர் சிரித்தார்கள். இவர் சிரிக்காமல் நாக்கை நீட்டி நற்கருணை வாங்கிக்கொண்டார்.

போன கூட்டத்துக்கு என்னையே போகச் சொன்னார். "நம்ம வீட்டுக் கைய நீ எடுத்துட்டுப் போ." லிப்ட்டுக்குத் தூக்கினேன். பாயும் தூக்கினார், மேல் வீட்டுக்காரர்கள் தூக்கினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு தலை குனிந்துகொண்டாள். தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. கைகள் அந்தப் பக்கம்தான் அதிகம்.

படியேறி வந்தேன். நாலாவது மாடியில், மூடிக்கிடக்கிற லிப்ட் கதவுக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "மூச்சு வாங்குது பாரு, உக்காரு" என்றார்.

ராத்திரிச் செபமாலையை எடுத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதி நான் சொல்வேன், மறுபாதி அவர் சொல்வார். முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபாதியையும் நானே சொன்னேன்.