மற்றபடி, சாப்பிட்டாச்சா?

போர்ச்சுகல் நாட்டில் தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்த ஒருவரை, "சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் விசாரித்தவன் நான். மீசை நரைத்த வயதில் செய்கிற காரியமல்ல.

என் பிழைப்பு அப்படி. ஒரு மோட்டார் கம்பெனியின் கையேடுகளைப் பாகூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து தயாரிக்கிறேன். ஒவ்வொரு வாக்கியமும் பல மொழிகளில் ஒரே கோப்பில் கிடக்கும். கேட்கிறவருக்கு வேண்டிய மொழியை மட்டும் பொறுக்கிப் பக்கமாக அடுக்க, எக்ஸ்எஸ்எல்டி என்ற நிரல்மொழியில் விதி எழுத வேண்டும். பிரெஞ்சு கேட்டால் பிரெஞ்சு, ஜெர்மன் கேட்டால் ஜெர்மன். கேட்ட மொழியில் வாக்கியமே இல்லாவிட்டால்? அதற்குக் கடைசியில் ஒரு கிளை உண்டு; பெயர் 'அதர்வைஸ்'. கடிதத்தில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோது 'மற்றபடி' என்று தொடங்குவோமே, அது.

அங்கே ஆங்கிலத்தை வைப்பதுதான் முறை. ஆனால் சோதித்துப் பார்க்கும்போது ஐரோப்பிய எழுத்துகளுக்கு நடுவில் ஆங்கிலம் கண்ணில் படாது. தமிழ் என்றால் வெள்ளைச் சட்டையில் சிந்திய குழம்பு மாதிரி தெரியும். அதனால் தற்காலிகமாக ஒரு தமிழ் வாக்கியம் போட்டேன். எதைப் போடுவது என்று யோசிக்கவில்லை. விரல் தானாக அடித்தது. மகளின் பிரசவத்துக்காக மனைவி பிரான்சுக்குப் போயிருந்த மாதங்கள் அவை. போன் செய்வாள், குழந்தை அழும், வைத்துவிடுவாள். வீட்டில் மற்றபடி குரல் கொடுத்தது ஃபிரிட்ஜ் மட்டும். தெருமுனைக் கடை பாய், என்னைப் பார்த்ததும் "இன்னா சார், இன்னிக்கும் பிரெட்டா?" என்பார். அதை விசாரிப்பில் சேர்க்க முடியாது, வியாபாரம்.

போட்ட வாக்கியத்தை எடுக்க மறந்துவிட்டேன். கையேடு ஊர் ஊராகப் போய்விட்டது.

சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் அழைத்தார். என் மகள் வயதுப் பெண். பகலில் என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள். இந்த ஒப்பந்தம் போனால் அந்தக் குரலும் போகும்.

"சார், போர்ச்சுகீஸ் மேனுவல்ல நாலாவது ஸ்டெப்ல தமிழ் வருது."

"எந்த ஸ்டெப்மா?" என்றேன், தெரியாதவன் போல.

"பம்புல தண்ணி ஊத்துங்கன்னு வரணும். அந்த லைன் டிரான்ஸ்லேஷன்ல விட்டுப்போச்சு. அதுக்குப் பதிலா 'சாப்பிட்டாச்சா'ன்னு வருது. ஒருத்தர் அதை மொழிபெயர்த்துப் பார்த்துட்டு, 'சாப்பிட்டேன், மோட்டார்தான் ஓடலை'ன்னு மெயில் போட்டிருக்கார்."

என்னிடம் நீண்ட விளக்கம் தயாராக இருந்தது. ஆரம்பிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"விடுங்க சார். கம்பெனிக்காரங்க சிரிச்சிட்டாங்க, தப்பிச்சீங்க. இனிமே டெஸ்ட்டுக்கு வெறும் கோடு போடுங்க."

உடனே திருத்தினேன். மொழி கிடைக்காவிட்டால் ஆங்கிலம். அதுவும் கிடைக்காவிட்டால், பிழை என்று சொல்லி வேலையை நிறுத்திவிடு. சரியான விதி. பார்க்க வெறிச்சென்று இருந்தது. பிறகு அந்த மெயிலை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். மோட்டார் ஓடவில்லை என்கிற பகுதியை விட்டுவிட்டு, முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாயங்காலம் மனைவி போன் செய்தபோது முழுக்கதையையும் சொன்னேன். சிரிப்பாள், சிரித்து முடித்ததும் 'நீங்க சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுவிடுவாள் என்று கணக்கு. பேத்தியை முதுகில் தட்டிக்கொடுத்தபடி கடைசிவரை கேட்டாள்.

"ஊரு ஒலகத்துல மோட்டாரு மாட்றவனையெல்லாம் கேட்டிருக்கீங்க," என்றாள். "என்னை ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"