வெள்ளையாக இருந்த கோபுரம்

வேடந்தாங்கல் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. தை மாதத்தில் ஏரிக்குள் நிற்கும் மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். எல்லாம் பறவை எச்சம். அது கலந்த தண்ணீர் பாய்வதால் அப்பா உரமூட்டை வாங்குவது குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், எச்சத்தைப் பெயின்ட் என்று நினைத்த பொறியாளர் நான்தான்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எண்ணெய் வற்றிப்போன கடல் மேடைகளைப் பிரித்தெடுக்கத் திட்டம் போடுவது எங்கள் வேலை. கட்டப் படித்துவிட்டுப் பிரிக்கப் போயிருக்கிறாள் என்று கல்லூரித் தோழிகள் சிரிப்பார்கள். பிரிப்பதில்தான் கணக்கு அதிகம். புது இரும்பின் எடை எல்லோருக்கும் தெரியும். பல வருடம் கடலில் நின்ற இரும்பின் எடையைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் கணக்கில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

முதன்முதலாக என்னிடம் தனியாகக் கொடுத்தது, மேற்குக் கடலில் ஒரு மேடையின் ஃபிளேர் கோபுரம். வீண் வாயுவை உச்சிக்குக் கொண்டுபோய் எரிக்கும் இரும்புக் கூண்டு அது. அதில் நெருப்பு அணைந்து பல வருடம் ஆகியிருந்தது. அதன் மேல்பாதியை ஒரே துண்டாக வெட்டி, கிரேனில் தூக்கி, பக்கத்தில் நிற்கும் பார்ஜில், அதாவது தட்டையான சரக்குப் படகில், இறக்க வேண்டும். வரைபடங்களைப் பார்த்துக் கூட்டி, பதினெட்டு டன் என்று போட்டேன். அவ்வளவு தூரம் கை நீட்டும்போது கிரேன் இருபது டன் தாங்கும். படகிலிருந்து எடுத்த புகைப்படங்களில் கோபுரம் வெள்ளையாக இருந்தது. பெயின்டுக்கென்று கொஞ்சம் எடை அதில் சேர்த்திருந்தேன்.

ஹெலிகாப்டரிலிருந்து மேடையில் இறங்கியபோதே ஒரு வாடை வந்தது. கடல் வாடை என்று விட்டுவிட்டேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எடையைக் கணக்கிட்டவரே அந்தத் துண்டின்மேல் மஞ்சள் பெயின்டால் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மாற்ற நேர்ந்தால் அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு இழுத்து மேலே புதிதாக எழுத வேண்டும். அடிக்காலில் முழ உயரத்துக்கு 18 என்று எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு பெரிதாக எங்கேயும் இருந்ததில்லை.

மறுநாள் காலை, கயிறு கட்டும் இடங்களைப் பார்க்க மேலே ஏறினேன். இடையிடையே நிற்பதற்கென்று இருக்கும் தட்டுகளில் முதலாவதில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. தட்டு கம்பி வலைதான். காலுக்குக் கீழே கடல் தெரிய வேண்டும். தெரியவில்லை. வெள்ளைத் தரை இருந்தது. சுத்தியலால் தட்டினேன், கல்லாகச் சில்லு பெயர்ந்தது. முந்தின நாள் வாடையும் அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் ஏரிக்கரை.

ஒவ்வொரு தட்டாக அளந்துகொண்டு இறங்கினேன். திரும்பக் கூட்டினால் இருபத்தொன்றரை டன். அப்படியே தூக்க முடியாது. அடியை வெட்டிய பிறகு எடை கூடுதல் என்று தெரிந்தால், திரும்ப வைக்கவும் இடம் இருக்காது.

தூக்கும் குழுவின் தலைவர் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னா மேடம், நேத்து பதினெட்டுன்னு எழுதுனது யாரு?"

"நான்தாண்ணா."

"ராத்திரிக்குள்ள மூணு டன்னு எங்கேர்ந்து வந்திச்சி?"

"பறவ எச்சம்ணா. எங்க வேடந்தாங்கல் மாதிரியே."

குழுவே சிரித்தது, தலைவரும்தான். "வேடந்தாங்கல்ல பொறந்துட்டு பெயின்ட்டுன்னு நெனச்சிகினியா? வெளிய சொல்லிடாத மேடம், மானம் பூடும்."

"பம்பு போட்டுக் கழுவலாமா?"

"அத்த போன படகுலயே கரைக்கு அனுப்பியாச்சி. இன்னா செய்யணும்ன்றத மட்டும் சொல்லு."

"ரெண்டு துண்டா வெட்டணும். ஒரு நாள் கூட ஆகும்."

சிரிப்பு நின்றது. மறுநாள் எல்லோரும் ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்தில் அவர் மகளுக்குக் காது குத்து. "வெள்ளிக்கிழம பூட்டா சனிக்கிழம ஆடு பாக்கலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நேத்து ஒரு நம்பரு, இன்னிக்கி ஒரு நம்பரு. நாளைக்கி ஒன்னு சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

சொல்லிவிட்டேன். இதுவும் தவறினால் அதற்குப்பின் அங்கே என் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு பேர் பார்க்க, 18-இன் குறுக்கே கோடு இழுத்து, மேலே அடித்துண்டின் எடையாக 12 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேல் துண்டில் 9½.

மறுநாள் மேல் துண்டைக் கயிறு இறுக்கி வெட்டினார்கள். கிரேனின் எடைத்திரையில் 9.3. மதியத்துக்கு மேல் அடித்துண்டு அசைந்து எழும்பியது. 11.8. அது பார்ஜில் உட்காரும்வரை தலைவர் வாக்கிடாக்கியை வாயிலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் விரல் விட்டுக் கூட்டினார்.

"இருபத்தொன்னத் தாண்டுது." கிரேனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "ஆட்ட மச்சான் பாத்துக்குவான், வுடு. ஞாயித்துக்கெழம நீயும் வந்துடு மேடம். பிரியாணி கீது."

போனேன். திருப்தியாகச் சாப்பிட்டேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்து, பார்ஜில் கிடந்த அடித்துண்டின் புகைப்படத்தைப் போனில் காட்டினேன். அப்பாவுக்கு என் கையெழுத்தைவிட வேறொன்றில்தான் கவலை.

"மூணு டன்னு எருவா? அத்த இன்னா பண்ணீங்க?"

"இரும்போட கரைக்குப் போச்சுப்பா."

"ஒரு வார்த்த சொல்லிருந்தா டிராக்டரு எடுத்தாந்திருப்பேனே!"

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண் நன்றாகத் தெரியும். போனை வாங்கி விரலால் பெரிதாக்கினாள்.

"அடிச்ச நம்பரு யாரு போட்டது?"

"நான்தான். தப்பு."

"மேல கீறது?"

"அதுவும் நான்தான். சரியானது."

"தப்பு இம்மாம் பெருசா கீது, சரியானது துக்குனூண்டு கீது. இன்னாத்துக்கு?"

"எடம் இல்லம்மா" என்றேன். இடம் நிறைய இருந்தது. அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சின்ன எண்ணை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அடுத்த தபா இத்த பெருசா எழுது."