ஒடிந்தது கால், கேட்டது தண்ணீர்

பிசியோதெரபிஸ்ட் என்றால் கால் நீவிவிடும் ஆள் என்றுதான் எங்கள் காரிமங்கலம் பக்கம் நினைப்பு. வீடு வீடாகப் போய் இதே பிழைப்பு பார்க்கும் தோழிகளே, உங்கள் ஊரிலும் அப்படித்தானே? மாதம்மாள் கதையைக் கேளுங்கள், கொஞ்சம் மனசு ஆறும்.

மூச்சு

மாதம்மாள் தக்காளித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்புக்கு ராடு வைத்து வீடு திரும்பியிருந்தார். அவர் கவலையெல்லாம் பசுவைப் பற்றித்தான். அவர் தவிர யார் மடியைத் தொட்டாலும் அது உதைக்கும், பாலை அடக்கிக்கொள்ளும். மருமகள் செல்வி எப்படியோ கறந்தாலும் பால் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது.

நான் மூச்சுப் பயிற்சியில் ஆரம்பித்தேன். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், அப்புறம் காலுக்கு எங்கிருந்து தெம்பு வரும்? மாதம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒடிஞ்சது தொடைங்க மேடம், நீங்க நெஞ்சுக்கு வைத்தியம் பாக்கறீங்க!"

தண்ணீர்ச் சொம்பு

வாக்கரைப் பிடித்து எழுந்தவர், கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். காலில் பலம் இருந்தது. நாக்கைப் பார்த்தேன், வறண்டிருந்தது. கட்டிலருகே சொம்பில் தண்ணீர் தளும்ப அப்படியே இருந்தது. பாத்ரூமுக்குச் செல்வி தூக்கிப்போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்!

எனக்கு வந்ததே கோபம். "தண்ணீர் இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறையும், எழுந்தால் ரத்தம் தலைக்கு ஏறாது, குடலும் கட்டிக்கொள்ளும். மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் பால் கேட்பீங்களா?" என்றேன். வாசற்படியில் கேட்டுக்கொண்டிருந்த செல்விக்கு என்னைவிடக் கோபம்.

"உங்களத் தூக்கறது சுலபம்ங்க அத்தை, அந்த மாட்டுகிட்ட ஒதை வாங்கறதுதான் முடியல!"

தொழுவம்

அதற்குப் பிறகு சொம்பு காலியானது. தலைசுற்றல் போனது, பசித்தது, தூக்கம் வந்தது. ஒருநாள் காலையில் வாக்கரோடு தொழுவம் போனார், பின்னாலேயே நான். குந்தக் கூடாது என்பதால் உயரமான ஸ்டூல் போட்டோம். பசு வாக்கரை மோந்து பார்த்துக் காலைத் தூக்கியது. "ஏய், நான்தான்டி" என்றார். கால் இறங்கியது, பால் இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமைதான், மறைப்பானேன்?

பால் வாங்க வந்தவர், காலைச் சரி பண்ணினது யார் என்று கேட்டார். மாதம்மாள் என்னைக் காட்டினார்.

"இந்த மேடம்தானுங்க. காலத் தவிர மத்ததெல்லாம் பாத்தாங்க, காலு தானா நடந்துச்சு!"

இப்போதெல்லாம் யாராவது கால் நீவக் கூப்பிட்டால் நான் மறுப்பதே இல்லை, போனதும் முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.