எந்த மலைக்குங்க?

அறுபது வயதுக்கு மேல் கணினி நிரல் எழுதப் பழகினேன். பழைய எடையான ராத்தலைக் கிலோவாக்க ஒரு ஃபங்ஷன் எழுதி, அதன் பெயரைச் சொல்லி அழைத்தேன். எத்தனை ராத்தல் என்று அடைப்புக்குறிக்குள் எதையும் போடவில்லை. திரையில் சிவப்பாகப் பிழை வந்தது. திரும்ப அழைத்தேன், அதே பிழை.

"செவிட்டு மிஷினே!" என்று கத்தினேன்.

கத்தியதும் அறுபதுகளின் லிந்துலைத் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. காலைப் பெரட்டில் வரிசையில் நின்ற ஆட்களை ஒவ்வொரு தேயிலை மலைக்கும் பிரித்து அனுப்ப வந்த புதுக் கணக்கப்பிள்ளை, அம்மாவின் பெயரை மட்டும் கூப்பிட்டார். அம்மா நகரவில்லை.

"காது கேக்கலயா?"

"கேக்குதுங்க. எந்த மலைக்குப் போறதுன்னு சொல்லுங்க."

அடைப்புக்குறிக்குள் ஐம்பது என்று போட்டேன். 22.68 என்று விடை வந்து நின்றது.

அந்தக் கணக்கப்பிள்ளை கடைசிவரை கத்திக்கொண்டேதான் இருந்தார். நான் அரை மணியில் திருந்திவிட்டேன்!